ஒரு டோக்கனில் இரண்டு பேர்

2025 ஜூன் 3, செவ்வாய்

ஜெயலக்ஷ்மி மேடம் இன்றும் கிளட்ச்சை விடவில்லை. இது பன்னிரண்டாவது வகுப்பு. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு கிளையையே நடத்தியவர், இந்தக் குட்டிக் காரைப் பார்த்து நடுங்குகிறார். ஃப்ரேசர் டவுன் சிக்னலில் வண்டி நான்கு முறை நின்றது. பின்னால் இருந்த ஆட்டோக்காரர் கன்னடத்தில் எங்கள் இருவரின் வம்சத்தையும் விசாரித்தார். கடைசியில் என் காலடியில் இருக்கும் கிளட்ச்சை நானே பிடித்து, மெல்ல விட்டு, வண்டியை நகர்த்தினேன். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லித்தருகிறவளுக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங் மட்டும் கிடையாது. சிக்னலைத் தாண்டியதும் மேடம், "பாத்தியா டீனா, இந்தத் தடவ நானே எடுத்துட்டேன்!" என்றார். ஆமாம் மேடம் என்றேன்.

சாயந்திரம் மாடிப்படி ஏறும்போதே கீழ் வீட்டிலிருந்து அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏய், இங்க வா. உன் தம்பி பேப்பர்ல வந்திருக்கான்!"

இங்கிலீஷ் பேப்பர். அரைப் பக்கம். ஜாய்சன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். பழைய காலத்து வீடியோ கேம் கடைகளில் இருந்த கார் ரேஸ் மாதிரியே புதிதாக ஒரு கேம் செய்திருக்கிறானாம். பெயர் 'ஒன் டோக்கன்'. அம்மாவுக்கு எழுத்து பொடியாக இருக்கிறது என்று என்னைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னாள். அப்பா ரேடியோவை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். படித்துக்கொண்டே போனேன்.

"எனக்கு அப்போது எட்டு வயது. காக்ஸ் டவுனில் ஒரு கடை. கையில் ஒரே ஒரு டோக்கன் இருக்கும். தனியாகப் போவேன், தனியாக விளையாடுவேன். அந்தக் கடையில் அதிக ஸ்கோர் என்னுடையதுதான்."

அந்தத் 'தனியாக'வையும் நானே வாயால் சொன்னேன். இரண்டு தடவை.

ஜூன் 4

தனியாகவாம்.

ஜூன் 5, வியாழன்

இவர் தூங்கப் போய்விட்டார். "உன் தம்பிதானே, விட்டுத் தள்ளு" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். எனக்கு முடியவில்லை. யாரிடமும் சொல்லாததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

1996. எனக்குப் பதினொன்று, ஜாய்சனுக்கு எட்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை, அதற்குப் பிறகு மறைக்கல்வி வகுப்பு. வகுப்பு முடிய கால் மணி நேரம் இருக்கும்போதே பின்கதவு வழியாக நழுவி, மார்க்கெட் பக்கத்தில் இருந்த நரேஷ் அண்ணா கடைக்கு ஓடுவோம். ஐஸ் வாங்க அம்மா தரும் காசுக்கு ஒரு டோக்கன்தான் வரும். கடையில் ஆறு மிஷின். அதில் ஒன்றே ஒன்றுதான் உட்கார்ந்து ஓட்டுவது: சிவப்பு இருக்கை, ஸ்டியரிங், கியர், கீழே இரண்டு பெடல்.

ஜாய்சன் உட்கார்ந்தால் கால் எட்டாது. எனக்கு எட்டும். நான் ஒருத்தியே ஓட்டியிருக்கலாம். ஆனால் பசங்கள் சுற்றி நிற்கிற கடையில் ஒரு பெண்பிள்ளை ஃப்ராக் போட்டுக்கொண்டு மேலே ஏறி உட்காருவதா? யாராவது பார்த்துவிட்டுப் போய் அப்பாவிடம் சொன்னால் முதுகுத் தோல் மிஞ்சாது. அதனால் நான் கீழே. இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவே இருந்த இடுக்கில் குந்திக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை வலது கையாலும் பிரேக்கை இடது கையாலும் அழுத்துவேன். ஜாய்சன் காலால் சொல்வான். வலது தோளில் உதைத்தால் அழுத்து. இடது தோளில் உதைத்தால் விடு. இரண்டிலும் உதைத்தால் பிரேக். ஒரு வருடம் என் தோள் இரண்டும் அவன் செருப்பின் தடத்தோடுதான் வீட்டுக்கு வந்தன.

நான் அந்த விளையாட்டைப் பார்த்ததே இல்லை. ஒரு தடவைகூட. திரை மேலே இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் காசுப் பெட்டியின் பூட்டு, யாரோ ஒட்டி வைத்த சூயிங்கம், சூடான ஒயர் வாசனை, ஜாய்சனின் நீல வார் செருப்பு. அப்புறம் சத்தம். சத்தம் முழுவதும் எனக்குத் தெரியும்.

அந்த மிஷினுக்கு ஒரு நோய் இருந்தது. நாலாவது கியரில் இருந்து டாப்புக்குப் போகும்போது இன்ஜின் ஒரு கணம் விக்கும். பெடலுக்குள் ஏதோ தேய்ந்திருக்க வேண்டும். அந்த விக்கலில் கையைச் சட்டென்று எடுத்துத் திரும்ப அழுத்தினால், வண்டி பிய்த்துக்கொண்டு போகும். அதை நான்தான் கண்டுபிடித்தேன். ஜாய்சனிடம் சொல்லவில்லை. "நமக்கு மட்டும் கார் பறக்குதுக்கா" என்பான். நம்முடைய கை ராசி என்று நினைத்துக்கொண்டான்.

கடையை மூடி மெயின் சுவிட்சை அணைத்தால் மிஷின் எல்லா ஸ்கோரையும் மறந்துவிடும். அதனால் நரேஷ் அண்ணா அதுவரை வந்ததிலேயே அதிகமான ஸ்கோரை வாசலில் ஒரு சிலேட்டில் சாக்பீஸால் எழுதி மாட்டுவார். பெயருக்கு மூன்று எழுத்துத்தான். அதை அடிக்கிறது ஸ்டியரிங்கில் இருக்கிறவன். ஜே, ஓ, ஒய். கடை மூடுகிறவரை, நான்கு மாதம், அந்தச் சிலேட்டில் அந்த மூன்று எழுத்துத்தான் இருந்தது.

அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவுக்கும். அதைத்தான் இப்போது பேப்பரில் தனியாக என்று போட்டிருக்கிறான்.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து வாசலில் ஒரே கூட்டம். எல்லாரும் அப்பா கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃபில் பிறந்து, சுரங்கம் வேண்டாம் என்று பெங்களூர் வந்து, முப்பது வருடம் லேத் பிடித்த மனுஷன், எழுபத்து நான்கு வயதில் முதல் தடவையாகச் சிரித்த முகமாக நின்றார். ஆம்ப்ரோஸ் அங்கிள் என்னிடம் திரும்பி, "நீ என்னம்மா பண்ற?" என்றார். கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்றேன். "ஓ, நைஸ்" என்று சொல்லிவிட்டு மறுபடி அப்பா பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா அந்தப் பேப்பரை லேமினேட் செய்துவிட்டாள். என் கல்யாண போட்டோ இருந்த ஆணியில் மாட்டியிருக்கிறாள். கல்யாண போட்டோ எங்கே என்று கேட்டேன். "பீரோ மேலதான் இருக்கு, எங்க போவப் போவுது?"

எரிகிறது. எழுதினால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

ஜூன் 14, சனி

ஜாய்சன் கூப்பிட்டான் என்று மல்லேஸ்வரம் போனேன். ஒரு பழைய வீட்டின் மேல்மாடிதான் ஆபீஸ். ஆறேழு பேர், எல்லாரும் சின்னப் பிள்ளைகள். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து "ஹாய் அக்கா" என்றார்கள். எனக்கு அந்த 'அக்கா' பிடித்திருந்தது, பிடித்ததே கோபமாகவும் இருந்தது.

படம் வரைகிறவள் சங்கமித்ரா. இருபத்து நான்கு வயது. சூரியனைக் கட்டம் கட்டமாக, வேண்டுமென்றே முரட்டுத்தனமாக வரைந்திருக்கிறாள். ஆரஞ்சு வானம், இரண்டு பக்கமும் தென்னை மரம், மேடு பள்ளமாக ஓடி வரும் சாலை, மூலையில் குறைந்துகொண்டே வரும் நொடிகள். பழைய பெட்டி டிவி மாதிரி திரையில் கோடு கோடாகத் தெரிய வேண்டும் என்பதற்கு மூன்று வாரம் வேலை செய்தாளாம். "இப்ப வர்ற கேம்ல எல்லாம் நிஜ ரோடு மாதிரியே இருக்கும் அக்கா. இதுல பாருங்க, ரோடு முடியவே முடியாது, யாரும் சாகமாட்டாங்க, டைம் மட்டும்தான் போவும். அந்தக் காலம் எவ்வளோ நல்லா இருந்திருக்கும் இல்ல?" என்றாள்.

அவள் பிறந்ததே அந்தக் கடை மூடி ஐந்து வருடம் கழித்து. பார்க்காத ஒன்றுக்காக இப்படி ஏங்குகிறாள். நான் அங்கேயே இருந்தேன், நானும் பார்க்கவில்லை. இதை அவளிடம் சொன்னால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

கூடத்தின் நடுவே மரத்தில் ஒரு முழு மிஷினே செய்து வைத்திருக்கிறார்கள். சிவப்பு இருக்கை, கியர், பெடல் எல்லாம் இருக்கிறது. ஆகஸ்டில் ஒரு பெரிய மாலில் பழைய வீடியோ கேம் திருவிழாவாம், அங்கே வைக்கப் போகிறார்கள். இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவே ஏகப்பட்ட இடம் வீணாகக் கிடந்தது. தச்சர் அளவைக் கோட்டைவிட்டிருக்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அவ்வளவு அற்பமாக ஆகிவிட்டேன்.

"உக்காந்து ஓட்டுக்கா" என்றான் ஜாய்சன். முதுகு வலி என்றேன். அவனே ஓட்டினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்டேன்.

நாலாவது கியர். டாப். விக்கல் இல்லை. வழவழவென்று போகிறது.

நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். "எல்லாரும் சூப்பர்ங்கறாங்க. எனக்கு மட்டும் ஏதோ ஒண்ணு ஒதைக்குதுக்கா. அதே மிஷினு எங்கெங்கயோ ஓடின ரெக்கார்டிங் எல்லாம் வாங்கிப் போட்டுப் பாத்துட்டேன். அந்த ஃபீலிங் வரவே மாட்டேங்குது. உனக்கு எதனா தெரியுதா?"

என் முகத்தையே பார்த்தான். சின்ன வயசில் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு நிற்பானே, அதே முகம்.

"எல்லாம் கரெக்டாதான்டா இருக்கு" என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை.

சொல்ல மாட்டேன். தனியாக விளையாடினவனுக்குத் தனியாகவே தெரியட்டும்.

ஜூலை 6, ஞாயிறு

முதல் தேதி ஜாய்சன் கேமின் ஒரு பகுதியை மட்டும் எல்லாரும் இலவசமாக ஆடிப் பார்க்க வெளியிட்டான். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே காரிலேயே உட்கார்ந்து ஜனங்கள் எழுதுவதைப் படிக்கிறேன். பாதிப் பேர் என் வயசுக்காரர்கள். ஸ்கூல் கட் அடித்தது, டோக்கனை நூலில் கட்டி இழுக்கப் பார்த்தது, கடைக்காரர் காதைத் திருகியது என்று ஆளாளுக்கு ஒரு கதை. ஒருவர், இதைப் பார்த்ததும் செத்துப்போன தன் அண்ணன் ஞாபகம் வந்து அழுதேன் என்று எழுதியிருக்கிறார். ஆனால் அதற்குக் கீழேயே: பார்க்க அழகு, ஓட்டினால் உயிர் இல்லை. இன்னொருவர்: படம் பழசு, இன்ஜின் புதுசு. அப்படி நாற்பது ஐம்பது பேர்.

எவ்வளவு குளிர்ந்தது தெரியுமா எனக்கு! பசி எடுத்தது. மத்தியானம் பிரியாணியை இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

ஜாய்சன் சாப்பிட வந்திருந்தான். தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டே இருந்தான். அம்மா, "இன்னாடா, நல்லா இல்லியா?" என்றதற்கு, "நல்லாதான்மா இருக்கு. எல்லாரும் நல்லாதான் இருக்குன்றாங்க" என்று எதையோ சொன்னான். கழுத்து எலும்பு தெரிகிறது. நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

ஜூலை 7

ச்சீ, என்ன ஜென்மம் நான்.

ஜூலை 11, வெள்ளி

ஜெயலக்ஷ்மி மேடம் தனியாக ஒரு ரவுண்ட் போக வேண்டும் என்று என்னை இறங்கி ஓரமாக நிற்கச் சொன்னார். இன்னும் நாள் இருக்கிறது மேடம் என்றேன். உண்மையில் நாள் இருக்கிறதா, அல்லது நான் இல்லாமல் யாரும் ஓட்டிவிடக் கூடாது என்று இருக்கிறதா?

ஜூலை 19, சனி

ஜாய்சனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். ஆபீஸிலேயே படுத்துக்கிடக்கிறான் என்று அம்மா மிளகு ரசத்தைக் கொடுத்தனுப்பினாள். போனபோது அவன் டாக்டரிடம் போயிருந்தான். கூடத்தில் ரகு மட்டும் மிஷினுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் தச்சர். சந்தாபுராவில் பட்டறை வைத்திருக்கிறார்.

சும்மா இருக்க முடியாமல் வாயைக் கொடுத்தேன். "பெடலுக்கு முன்னாடி ஏன் இவ்வளவு இடம் விட்டுட்டீங்க? அளவு தப்பாயிடுச்சா?"

ரகுவுக்குச் சுருக்கென்றது. "என் அளவு எப்பவும் தப்பாவாது அக்கா. நான் சின்னதாதான் பண்ணிட்டு வந்தேன். உங்க தம்பி சார்தான் உடைச்சிட்டு மறுபடி பண்ணுன்னார். ரெண்டு வாட்டி! ஒரு ஆளு குந்துற அளவுக்குக் கேப் வேணுமாம். எதுக்கு சார், பெடல் மிதிக்கறவன் மேலதானே குந்தப் போறான், சும்னே பேஜாருன்னு சொல்லிப் பாத்தேன். இல்ல ரகு, இருக்கணும்ன்னார். ஒரு சின்னப் பொண்ணு குந்துற மாதிரின்னு இப்படிக் கையை வச்சிக் காமிச்சார்."

ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

அவர் டீ குடிக்கப் போனதும் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நுழைந்து குந்தினேன். நாற்பது வயது, எண்பது கிலோ. முழங்கால் இரண்டும் கத்தின. ஆனால் முதுகு போய் அந்தப் பலகையில் சாய்ந்ததும் எல்லாம் அங்கங்கே இருந்தது. கை நீட்டினேன், பெடல் சரியாக அதே தூரத்தில்.

அவன் மறக்கவில்லை. அப்படியென்றால் தெரிந்துதானே தனியாக என்று சொன்னான்? தெரியாமல் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். இது இன்னும் மோசம் இல்லையா? இல்லை, வேறு ஏதாவது இருக்கிறதா? நாளை கேட்டுவிடப் போகிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

கேட்டுவிட்டேன். சாப்பிட்ட பிறகு மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நேராகவே கேட்டேன்: "பேப்பர்ல ஏன்டா தனியான்னு சொன்ன? நான் எங்கடா போனேன்? செத்தா போயிட்டேன்?"

அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. அவன் மிரண்டுபோனான்.

"நீதானேக்கா சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

"யார்கிட்டயும் சொல்லவே கூடாதுன்னு. கோயில் பக்கத்துல மாதா கெபி முன்னாடி, மெழுகுவத்தி மேல கை வச்சி சத்தியம் வாங்கினியே. அப்பாவுக்குத் தெரிஞ்சா உன்ன ஸ்கூலவிட்டு நிறுத்திருவார்னு சொல்லி அழுத. நான் உன்னக் காட்டிக்கொடுத்தா மாதா என் கண்ண எடுத்துரும்ன. எட்டு வயசுக்கா எனக்கு. ஒரு வாரம் தூங்கல."

மெழுகுவர்த்தி. ஆமாம். சூடு பட்டு அவன் கையை உதறியதும், நான் திரும்பப் பிடித்து வைத்ததும்—

"அதுக்கு இப்ப என்னடா? முப்பது வருஷம் ஆச்சு."

"அப்பா இருக்காரே. பேப்பர்ல போட்டா மொதல்ல யாரு படிப்பா? அந்தப் பொண்ணு பேட்டி எடுக்கும்போது ரெண்டு தடவ கேட்டுச்சு, கூட யாரும் வரமாட்டாங்களான்னு. தனியாதான்னு சொல்லிட்டு, வெளிய வந்து மனசே சரியில்ல. நீ ஒரு தடவ வந்து ஒக்காந்தா, அந்தக் கேப்பப் பாத்தா உனக்குப் புரியும்னு நெனச்சேன். நீ முதுகு வலின்னுட்ட."

தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்தேன். விக்கலைப் பற்றிச் சொன்னேன். ஜூன் மாதமே தெரிந்தும் வேண்டுமென்றே பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவனுக்குக் கோபம் வரும், நாலு வார்த்தை திட்டுவான், கணக்குச் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். அவன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப கார் பறந்தது உன்னாலயா?" என்றான்.

போனை எடுத்து நீட்டினான். அந்தச் சத்தத்தை வாயால் போடு என்றான். நாற்பது வயசுப் பொம்பளை மொட்டை மாடியில் உட்கார்ந்து உர்ர்ர் என்று இன்ஜின் மாதிரி உறுமி, விக்கி, மறுபடி உறுமினேன். இருபது தடவையாவது போட்டிருப்பேன். கீழேயிருந்து அம்மா, "டீனா, இன்னாடி, வாந்தியா?" என்று கத்தினாள்.

ஜூலை 21

சத்தியம் வாங்கினவள் மறந்துவிட்டேன். கொடுத்தவன் ஞாபகம் வைத்திருக்கிறான். இதிலும் அவன்தான் முதல்.

ஆகஸ்ட் 2, சனி

விக்கலைச் சேர்த்துவிட்டார்கள். நான் போய்க் கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டு. பதினொரு தடவை திருத்தினோம். சங்கமித்ரா என் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் குறித்துக்கொண்டாள். பன்னிரண்டாவது தடவை என் வலது கை தானாக மேலே எழும்பியது. "இதான்" என்றேன். ஜாய்சன் பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை.

பதினைந்தாம் தேதி மாலுக்கு அதே பேப்பர்க்காரர்கள் வருகிறார்களாம். "இந்தத் தடவ உள்ளதச் சொல்லிடறேன்கா. ஆனா சத்தியத்த நான் ஒடைக்க மாட்டேன். நீ மொதல்ல அப்பாகிட்ட சொல்லு. அப்புறம் நான் ஊருக்கே சொல்றேன்."

சரி என்றேன். அதிலென்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 6

சொல்லப் போனேன். அப்பா செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 8

மறுபடி போனேன். மாத்திரை வாங்கி வரட்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். பெங்களூர் டிராஃபிக்கில் தினம் எட்டு மணி நேரம் தெரியாத ஆள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு உட்காருகிறவள். இதற்குப் பயம்!

சொல்லாவிட்டால் பேப்பரில் மறுபடியும் தனியாகத்தான் வரும். அம்மா அதையும் லேமினேட் செய்து மாட்டுவாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக் கழற்றும்போதே, நின்றவாக்கில்.

அப்பா சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார். "எந்தக் கடை? நரேஷ் கடையா? அந்த பீடி குடிக்கிற பசங்க நின்னுக்கினு இருப்பானுங்களே, அங்கியா?"

"ஆமாம்பா."

"மறைக்கல்விக்குன்னு அனுப்பினா?"

"ஆமாம்பா."

"எத்தினி நாளு?"

"ஒரு வருஷம்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அப்பா சிரிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனவர் சாப்பாட்டுக்கும் வரவில்லை. தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்ததாக இவர் வந்து சொன்னார்.

ஆகஸ்ட் 13

அப்பா என்னோடு பேசவில்லை. மூன்று நாளாகிறது. பேரப்பிள்ளை எடுக்கிற வயசில் எனக்கு இந்தத் தண்டனை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் மாதா விண்ணேற்புத் திருநாள் பூசை. அங்கிருந்து அப்படியே மாலுக்கு. அப்பா வரமாட்டார் என்று நினைத்தேன். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு எங்களுக்கு முன்னாலேயே டாக்ஸியில் ஏறி உட்கார்ந்திருந்தார். பேச்சு மட்டும் இல்லை.

மிஷின் முன்னால் பெரிய வரிசை. தொப்பையும் நரையுமாக என் வயசு ஆட்கள், கழுத்தில் ஆபீஸ் அட்டை மாட்டியவர்கள்கூட, ஒரு டோக்கனுக்காக நிற்கிறார்கள். ஒருவர் டாப் கியருக்குப் போய் இன்ஜின் விக்கியதும் "ஐயோ, இது, இதுதான்!" என்று கத்தினார். அவர் ஓட்டியது எந்த ஊர்க் கடையோ, அந்த மிஷினுக்கு என்ன நோயோ. ஆனால் இதுதான் என்கிறார். பக்கத்தில் இருந்தவர் ஜாய்சன் கையைப் பிடித்து, சவுண்டு பிரமாதம் என்றார். ஜாய்சனிடம்தான் சொன்னார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். சுருக்கென்றது. இருக்கட்டும், அது அவ்வளவு சீக்கிரம் போகாது.

அப்பா மிஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். லேத் பிடித்த கை, மரத்தைத் தட்டிப் பார்த்தது. அப்புறம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, பெடல் பக்கத்து இடுக்கைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுக்குள்ளயா குந்தினு இருந்த?"

ஐந்து நாளைக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "ஆமாம்பா."

"இவன் எங்க இருந்தான்?"

"மேலப்பா."

அப்பா நிமிர்ந்து ஜாய்சனைப் பார்த்தார். சுற்றி ஐம்பது பேர், கேமரா, அந்தப் பேப்பர்க்காரப் பெண். "ஏன்டா, பொட்டப் புள்ளய இந்தப் பொந்துல குந்த வச்சிட்டு நீ மேல குந்தினு மஜா பண்ணியா? ஒரு நாளாவது அவள மேல ஏத்தினியாடா?"

ஜாய்சனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இல்லப்பா" என்றான், அதே எட்டு வயசுக் குரலில்.

ஊர் நடுவில் தம்பி திட்டு வாங்குகிறான். எனக்கு அது எவ்வளவு இனித்தது என்பதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

அப்புறம் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, அந்த இடுக்கில் நுழைந்தான். "ஏறுக்கா" என்று கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது.

ஏறினேன். ஆரஞ்சு வானம், தென்னை மரம், சாலை. இவ்வளவு அழகாகவா இருந்தது? நான்காவது வளைவு வரை கண்ணீரில் எதுவும் சரியாகத் தெரியவில்லை, இரண்டு லாரியில் மோதினேன். அப்புறம் தோளில் உதைக்க ஆரம்பித்தேன். வலது, வலது, இடது. தேவைக்கு மேலே கொஞ்சம் பலமாகத்தான். "அக்கா, மெதுவா!" என்று கத்தினான். நாலாவது கியரைப் போட்டு, டாப்புக்குத் தள்ளினேன். விக்கியது. அவன் சரியாகக் கையை எடுத்தான்.

ஸ்கோர் ஒன்றும் பெரிதாக இல்லை, பதினேழாவது இடம். மூன்று எழுத்து கேட்டது. டி, இ, இ என்று அடித்தேன். என் பெயரை இங்கிலீஷில் எழுதினால் முதல் மூன்று எழுத்து. மால் மூடி மெயின் சுவிட்சை அணைத்ததும் அது போய்விடும். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பேப்பரில் வந்துவிட்டது. கால் பக்கம். செய்தியில் ஜாய்சன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்: பெடல், விக்கல், உதை, கெபி, சத்தியம். ஆனால் படத்துக்கு அடியில் எழுதினவர் செய்தியைப் படிக்கவில்லை போலிருக்கிறது. படத்தில் நான் மட்டும்தான் இருக்கிறேன். சிவப்பு இருக்கை, ஸ்டியரிங்கில் இரண்டு கை, வாய் கோணலாகத் திறந்திருக்கிறது. கீழே ஒரு வரி: பழைய நினைவில் தனியாக ஓட்டி மகிழும் பெண்.

ஜாய்சன் போன் செய்தான். "பாத்தியாக்கா? தனியாவாம்!" சிரித்துக்கொண்டே இருந்தான். "நான் போன் பண்ணித் திருத்தச் சொல்லவா?"

"வேணாம்டா, இருக்கட்டும்" என்றேன். ஒரு நாளாவது இருக்கட்டுமே.

அம்மா லேமினேட் செய்யக் கொடுக்கக் கேட்டாள். தரவில்லை. அப்பா இன்னொரு பேப்பர் வாங்கிவர வெளியே போயிருக்கிறார்.

வெட்டி இந்தப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். படத்தின் மூலையில், என் காலுக்குப் பின்னால், கழற்றிப்போட்ட செருப்பு இரண்டும் கொஞ்சம் தெரிகின்றன. பேனாவை எடுத்து, இருக்கைக்கு அடியில் ஓர் அம்புக்குறி போட்டு எழுதினேன்: கீழே, ஜாய்சன்.